பன்னிரண்டு மில்லிமீட்டர்

முதல் எண் பொருந்தாமல் வந்தபோது கோகிலவாணி கருவியைத்தான் சந்தேகப்பட்டாள். இரண்டாவது வந்தபோது மாதிரி எடுத்த நர்ஸைச் சந்தேகப்பட்டாள். ஐந்தாவது எண்ணும் அதே பக்கமாகச் சாய்ந்து நின்றபோது சந்தேகப்பட வேறு யாரும் மிச்சமில்லை.

அது 2043ஆம் ஆண்டு. பவானியிலிருந்து அந்தியூர் போகும் சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்திய புற்றுநோய் மருத்துவமனையில் அவள் பதினோரு ஆண்டுகளாகக் கதிர்வீச்சுப் பிரிவின் இயற்பியலாளர். டாக்டர் அல்ல. எந்த நோயாளிக்கு எவ்வளவு கதிர், எந்த இடத்தில், எத்தனை நொடி என்று கணக்குப் போடுவதும், கருவிகள் அந்தக் கணக்கின்படி நடக்கின்றனவா என்று அளந்து பார்ப்பதும் அவள் வேலை. நோயாளிகள் அவளைப் பார்ப்பதே இல்லை. அவர்கள் மேசையில் படுத்திருக்கும்போது அவள் சுவருக்கு அந்தப்பக்கம் திரையின் முன்னால் இருப்பாள்.

புதிதாக வந்திருந்த கருவிக்கு அதைச் செய்தவர்கள் நீளமான பெயர் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'ரீடர்' என்றே சொன்னார்கள். கதிர் பட்ட செல்லுக்குள் மரபணு இழைகள் அறுபடும். பிழைத்துக்கொண்ட செல் அறுந்ததைத் தைத்துக்கொள்ளும். தையல் ஒருபோதும் பழையபடி விழாது. அந்தத் தையல்களை எண்ணிப் பார்த்து, இந்தத் தசை தன் வாழ்நாளில் வாங்கிய கதிர் இவ்வளவு என்று ரீடர் சொல்லிவிடும். பத்து வருடம் கழிந்திருந்தாலும் சொல்லும். கடுகளவு தசை போதும்.

அதற்கு முன் அப்படியொரு கணக்கு எந்த ஆஸ்பத்திரிக்கும் கிடைத்ததில்லை. கொடுக்க நினைத்த டோஸ் எவ்வளவு என்று கோப்பில் இருக்கும். உடம்பு வாங்கிக்கொண்டது எவ்வளவு என்று உடம்புக்கு மட்டும்தான் தெரியும்.

கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஐந்து வாரம் வெளியிலிருந்து கதிர் கொடுத்த பிறகு உள்ளேயும் கொடுப்பார்கள். அந்தப் பக்கத்து ஜனங்கள் அதை 'உள் கரண்ட்' என்றார்கள். கர்ப்பப்பைக்குள் மெல்லிய உலோகக் குழாய் ஒன்றைப் பொருத்துவார்கள். அரிசிமணி அளவுள்ள கதிரியக்கத் துணுக்கு ஒன்று கம்பி நுனியில் ஏறி, இயந்திரத்திலிருந்து ஓர் இணைப்புக் குழாய் வழியாக உள்ளே போகும். குறித்த இடங்களில் குறித்த நொடிகள் நின்றுவிட்டுத் திரும்பும். வாரம் ஒரு சிட்டிங் என்று மூன்று சிட்டிங்.

பழைய நோயாளிகள் மறுபரிசோதனைக்கு வரும்போது ரீடரில் பார்த்துக் கோப்போடு ஒப்பிட ஆரம்பித்தார்கள். முதல் நூற்றெண்பது பேருக்கும் எண்கள் பொருந்தின. வாணிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதன் பிறகுதான் இந்த ஐந்து பேர். கர்ப்பப்பைவாயின் மேற்பகுதியில் இருக்க வேண்டிய கதிரில் பாதிதான் இருந்தது. கீழே, மலக்குடலின் சுவரில், தாங்கக்கூடிய அளவைப்போல் ஒன்றரை மடங்கு.

ஐந்து பேருடைய சிகிச்சைத் தேதிகளையும் ஒரு தாளில் எழுதினாள். எல்லாமே 2034 மார்ச் பதின்மூன்றுக்கும் ஜூலை இரண்டுக்கும் நடுவில் விழுந்தன. கருவிப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னாள். மார்ச் பதின்மூன்றில் ஒரு வரி இருந்தது. 'புதிய இணைப்புக் குழாய் பொருத்தப்பட்டது. நீளம் அளந்து சரிபார்க்கப்பட்டது.' ஜூலை இரண்டில் இன்னொன்று. 'குழாய் மடிந்துவிட்டதால் மாற்றப்பட்டது.' இரண்டின் கீழும் இருந்தது அவளுடைய கையெழுத்து.

மருத்துவ இயக்குநர் டாக்டர் தாமோதரன் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் உள் சிகிச்சை எடுத்த நாற்பத்தியொரு பெண்களுக்கும் அன்று உள்ளே குழாய் பொருத்தியவர் அவர்தான்.

"அளந்தியா, இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல சார். அன்னிக்கு ஆறு பேர் வெறும் வயித்தோட காத்துட்டு இருந்தாங்க. பாக்கெட் மேல பழைய குழாயோட அதே நம்பர் போட்டிருந்துச்சு. அதப் பாத்துட்டு, அளந்ததா எழுதிட்டேன்."

"தினம் காலைல சோதனை பண்ணுவியே?"

"அதுக்குத் தனிக் குழாய் சார். அது சரியாத்தான் இருந்துச்சு. பேஷன்ட்டுக்குப் போட்ட குழாய் மட்டும் பன்னெண்டு மில்லிமீட்டர் நீளம். இப்ப அந்தக் குழாய் நம்மகிட்ட இல்ல. ஆனா பன்னெண்டு மில்லிமீட்டர்னு வெச்சுக் கணக்குப் போட்டா அஞ்சு பேரோட எண்ணும் அப்படியே பொருந்துது. கம்பி எப்பவும் ஒரே தூரந்தான் போகும். வழி நீண்டுட்டா, போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு முன்னாலயே நின்னுடும்."

தாமோதரன் தன் சுண்டுவிரலின் நகத்தைப் பார்த்தார். ஏறக்குறைய அவ்வளவுதான்.

"எத்தனை பேர் இருக்காங்க?"

"பதினேழு பேர் சார். இருபத்திநாலு பேர் போயிட்டாங்க. சாதாரணமா நாப்பத்தியொண்ணுல இருபத்தாறு பேராவது இருந்திருக்கணும்."

"அப்ப ஒன்பது பேர்."

"ஒன்பது பேர். ஆனா அந்த இருபத்திநாலுல எந்த ஒன்பது பேருன்னு என்னால சொல்ல முடியாது. ரீடராலயும் முடியாது."

அவர் எழுந்து ஜன்னலோரம் போனார். கீழே மரத்தடியில் நோயாளிகளோடு வந்தவர்கள் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லணும்ங்கற?"

"சொல்லணும் சார்."

"நான் என்னைக் காப்பாத்திக்கப் பேசறதா நெனைக்காதே. எனக்கு இன்னும் ஒரு வருசம்தான் சர்வீஸ். உள் கரண்டுன்னாலே நம்ம பொம்பளைங்க பாதி பேர் ஓடிப் போறாங்க. வெட்கம், பயம். ஒவ்வொருத்தரையும் கெஞ்சிக் கூட்டிட்டு வர்றோம். இது பேப்பர்ல வந்தா அப்புறம் எத்தனை பேர் வருவாங்க? வராமயே செத்துப்போறவங்களை எந்த லிஸ்ட்டுல எழுதுவ?"

வாணி அன்று முழுவதும் அதை யோசித்தாள். பதில் கிடைக்காமலே மறுநாள் காலை அணுசக்திக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நான்கு பக்கத்தில் எழுதினாள். முதல் பத்தியிலேயே தன் பெயரைப் போட்டாள்.

விசாரணை வந்தது. இரண்டு நாள் கேள்வி கேட்டார்கள். சிகிச்சைக் கணக்குப் போடும் வேலையிலிருந்து அவளை விலக்கி வைத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் மருத்துவமனை கடிதம் தர வேண்டும், உயிரோடு இருப்பவர்களுக்கு இனி ஆகும் சிகிச்சை முழுவதையும் ஏற்க வேண்டும் என்று வாரியம் உத்தரவிட்டது. கடிதங்களில் தாமோதரன் மறுப்பில்லாமல் கையெழுத்துப் போட்டார். தபாலில் அனுப்பலாம் என்றது நிர்வாகம். நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றாள் வாணி.

முதலில் போனது அந்தியூருக்கு. மயிலாத்தாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெஸ் வைத்திருந்தவர். சிகிச்சை முடிந்த பதினோராம் மாதம் அவருக்கு மலக்குடலில் ஓட்டை விழுந்தது. அறுவை செய்து வயிற்றின் பக்கவாட்டில் மலம் சேரும் பை வைத்தார்கள். அந்தப் பை எட்டு வருடமாக அங்கேயே இருந்தது.

வீட்டின் பின்பக்கம் தனியாகப் போட்டிருந்த ஒரு தகரக் கொட்டகையில் அவர் இருந்தார். வாணி வாசலிலேயே நின்றாள்.

"நீங்க யாருங்க அம்மிணி? ஆஸ்பத்திரின்னீங்க. உங்களை நான் பாத்ததே இல்லீங்களே."

"பாத்திருக்க மாட்டீங்கம்மா. உங்களுக்கு உள் கரண்ட் வெச்சப்ப எவ்வளவு வெக்கறதுன்னு கணக்குப் போட்டது நான். அது தப்பா போயிருச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

மயிலாத்தாள் பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டார். வாணி உட்கார்ந்து குழாயைப் பற்றிச் சொன்னாள். மார்ச் பதின்மூன்றாம் தேதி அளக்காமல் விட்டதையும் அளந்ததாக எழுதியதையும் சொன்னாள். எந்த இடத்தில் கதிர் குறைந்தது, எந்த இடத்தில் கூடியது என்று தன் விரல்களை வைத்துக் காட்டினாள்.

"பெரிய டாக்டர் அப்ப என்ன சொன்னாருங்க தெரியுங்களா?" என்றார் கடைசியில். "'எல்லாருக்கும் வெக்கறதுதான் உங்களுக்கும் வெச்சோம். உங்க உடம்பு தாங்கலை'ன்னு சொன்னாரு."

"அவருக்கும் அப்ப தெரியாதுங்கம்மா."

"இருக்கட்டுமுங்க. நான் அதைத்தான் ஊருக்கே சொன்னேன். என்ற உடம்பு தாங்கலீங்கன்னு. அப்புறம் அவங்கவங்க வாய்க்கு வந்ததைச் சேத்திக்கிட்டாங்க. என்ன பாவம் பண்ணினாளோ, எவன்கூடப் போனாளோன்னு. என்ற நாத்தனா எனக்குத் தனித் தட்டு வெச்சா. மெஸ்ஸுல நாப்பது பேரு சாப்பிட்டாங்க. ஒரு மாசத்துல அஞ்சு பேரு. பையன் கல்யாணத்துல நான் மண்டபத்துக்குள்ளயே போகலை, சமையக்கட்டுக்குப் பொறத்தால நின்னுட்டேன். வாடை வந்துருமோன்னு." கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என்ற உடம்பு மேல குத்தமில்லைன்னு எழுதியிருக்குதுங்களா?"

வாணி கடிதத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இணைப்புக் குழாய், அளவு வேறுபாடு, வருத்தம், இலவச சிகிச்சை எல்லாம் இருந்தன. அது மட்டும் இல்லை.

"இல்லீங்கம்மா."

"எழுதிக் குடுங்க."

வாணி பேனாவை எடுத்துக் கடிதத்தின் அடியில் எழுதினாள். 'திருமதி மயிலாத்தாளின் உடல் சிகிச்சையைத் தாங்காமல் போனது என்று முன்பு சொல்லப்பட்டது தவறு. தவறு எங்களுடையது.' கையெழுத்திட்டுத் தேதி போட்டாள். மயிலாத்தாள் அதை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"உங்களை மன்னிக்கறதுக்கெல்லாம் எனக்கு வரலீங்க அம்மிணி."

"கேக்க வரலீங்கம்மா."

"செரி. கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டுப் போங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

அவர் கொடுத்த தண்ணீரை வாணி மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

அப்படியே ஒவ்வொரு வீடாகப் போனாள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் இறந்தவரின் தம்பி அவளை அடிக்க வந்தார், மற்றவர்கள் விலக்கினார்கள். ஒரு வீட்டில் கணவர் மறுமணம் செய்துகொண்டு குழந்தையோடு இருந்தார். கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இவளுக்குத் தெரிய வேண்டாம்" என்று உள்ளே கைகாட்டினார்.

செய்தி பேப்பரில் வந்தது. தாமோதரன் சொன்னது நடந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் ஒன்பது பெண்கள் வெளிக் கதிரை முடித்துவிட்டு உள் சிகிச்சைக்கு வராமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய பெயர்களை அவர் ஒரு தாளில் எழுதி வாணியின் மேசையில் வைத்தார். வாணி அந்த ஒன்பது பேருடைய வீடுகளுக்கும் போனாள். நான்கு பேர் திரும்பி வந்தார்கள். ஐந்து பேர் வரவில்லை.

சென்னியப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தது அதற்குப் பிந்திய வாரம். அறுபது வயது தாண்டியவர், சங்ககிரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். கையில் துணிப்பை, அதற்குள் பாலிதீன் கவரில் பத்திரமாகச் சுற்றிய ஒரு பழைய கோப்பு. மனைவி பெயர் செல்லமணி. 2034இல் இங்கேதான் சிகிச்சை. அடுத்த ஆண்டு கட்டி திரும்பி வந்து இறந்துபோனவர்.

"பேப்பர்ல பாத்தனுங்க டாக்டரம்மா. அந்தக் கொழாய் சமாச்சாரம்."

"நான் டாக்டர் இல்லீங்க. உக்காருங்க."

"என்ற சம்சாரத்துக்கும் அதே வருசந்தானுங்க. எங்களுக்குக் கடுதாசி வரலை. விலாசம் மாறிப்போச்சு, அதனால வரலையோன்னு நெனச்சேன்."

வாணி கோப்பைப் பிரித்தாள். முதல் சிட்டிங் ஜூலை ஐந்து. குழாய் மாற்றிய மூன்றாம் நாள்.

"உங்களுக்கு அது பொருந்தாதுங்க. அவங்க வந்தது குழாய் மாத்தினதுக்கு அப்புறம்."

அவர் தலையை அசைத்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"ஒருக்கா அளந்து பாத்துருங்க. ஒரு நாள் முன்னப்பின்ன எழுதியிருப்பாங்க. பொணத்தை எரிச்சாச்சு, ஆனா கட்டி திரும்பி வந்தப்ப சதை எடுத்து டெஸ்ட்டுக்குக் குடுத்தீங்க. அது இருக்குமுங்களா?"

இருக்கும். நோயியல் பிரிவில் எடுத்த தசைத்துண்டுகளை மெழுகுக் கட்டிக்குள் பதித்துப் பல ஆண்டு வைத்திருப்பார்கள். "எதுக்குங்க அவ்வளவு தூரம்?" என்று கேட்டாள் வாணி.

சென்னியப்பன் துணிப்பையின் காதை விரலில் சுற்றினார்.

"உள் கரண்ட் வெக்க ஜூன் இருவத்திநாலாம் தேதி வரச் சொன்னீங்க. நான் நாக்பூர் லோடு போயிருந்தேன். கியர் பாக்ஸ் போயிருச்சு. நான் இல்லாம தனியா வரமாட்டேன்னு அவ இருந்துட்டா. பதினோரு நாள் தள்ளிப்போச்சு. கட்டி திரும்பி வந்தப்ப டாக்டர் கேட்டாரு, ஏன் லேட்டு பண்ணுனீங்க, இந்த வியாதிக்கு ஒவ்வொரு நாளும் முக்கியமுன்னு. எம் புள்ள பக்கத்துல நின்னுட்டிருந்தா. அவங்கம்மா போனதிலிருந்து அவ என்கூடப் பேசறதில்லீங்க. ஒன்பது வருசமாகப் போகுது. ஒரே புள்ள. பெருந்துறைலதான் இருக்கறா. பேரனுக்கு ஆறு வயசு, போட்டோலதான் பாத்திருக்கேன்." நிமிர்ந்து பார்த்தார். "தப்பு ஆஸ்பத்திரி மேலன்னு ஒரு கடுதாசி இருந்தா, கொண்டுபோய்க் காட்டுவனுங்க."

மெழுகுக் கட்டியைத் தேடி எடுக்க மூன்று நாள் ஆயிற்று. ரீடர் நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டது. கொடுக்க நினைத்தது, கதிரை அளக்கும் அலகில், எண்பத்தைந்து கிரே. தசை வாங்கியிருந்தது எண்பத்துநான்கரை. வாணி மறுபடி ஓட்டினாள். எண்பத்துநான்கு புள்ளி ஆறு. பதினோரு வருடத்தில் அவள் செய்த மிகத் துல்லியமான சிகிச்சைகளில் அது ஒன்று.

அவள் தாமோதரனிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒரு கடுதாசி கொடுத்துடு," என்றார்.

"சார்?"

"நாப்பத்திரெண்டாவதா ஒரு பேர் சேந்தா யாருக்கு என்ன கெட்டுது? நான் கையெழுத்துப் போடறேன். ஒரு மனுசன் பேரனைப் பாப்பாரு. நீ சொல்லணும் சொல்லணும்னு நின்னப்ப நான் தடுத்தேன், அது என் தப்பு. இப்ப நீ தடுக்காதே."

"அளக்காததை அளந்ததா ஒருக்கா எழுதினேன் சார். அதுக்குத்தான் இத்தனையும்."

"அது சோம்பேறித்தனம். இது இரக்கம்."

"தெரியும் சார்." அவளுக்கு நிஜமாகவே தெரிந்தது. கடிதம் எழுதிவிட வேண்டும் என்ற ஆசை அவளுக்கும் இருந்தது. "எழுதினா அவர் அதைப் புள்ளைகிட்ட காட்டுவாரு. அந்தப் பொண்ணு தேதியைப் பாக்கும். ஜூலை ரெண்டுன்னு பேப்பர்லயே வந்திருக்கு. அப்புறம் அவருக்கு எதுவுமே இருக்காது."

தாமோதரன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அப்ப நீயே சொல்லு. என்னால முடியாது."

சென்னியப்பன் வந்தார். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். வாணி எண்ணைச் சொன்னாள். அதன் அர்த்தத்தையும் சொன்னாள்.

"அப்ப நான்தானுங்க."

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. சரியான டோஸ் வாங்கி, ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாம வந்தவங்கள்லயும் நாலு பேருக்கு ஒருத்தருக்குத் திரும்பி வந்திருக்கு. பதினோரு நாள் கெடுதல்தான். ஆனா அதனாலதான் போனாங்கன்னு யாராலயும் அளந்து சொல்ல முடியாது."

"நீங்க தப்பு பண்ணுன ஆளுங்ககிட்ட இப்படித்தான் சொன்னீங்களா?"

"இல்லீங்க. நான்தான்னு சொன்னேன்."

"என்ன பண்ணுனாங்க?"

"சிலர் திட்டினாங்க. ஒருத்தர் அடிக்க வந்தாரு. ஒருத்தங்க தண்ணி குடுத்தாங்க."

அவர் யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் சொன்னார்.

"கியர் பாக்ஸ் போகலீங்க."

வாணி நிமிர்ந்து பார்த்தாள்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லை. லோடு எறக்கிட்டு மூணே நாள்ல வந்திருக்கலாம். எனக்குப் பயமுங்க. வெளிக் கரண்ட் வெக்கறப்பவே அவ எலும்பும் தோலுமா ஆயிட்டா. உள்ள கம்பி விட்டு வெப்பாங்கன்னாங்க. அந்த ரூமுக்கு வெளில உக்காந்திருக்கிறதை நெனச்சா எனக்குக் கையி காலு ஓடலை. நாக்பூருக்கு வெளில ஒரு தாபாவுல வண்டியப் போட்டுட்டுப் படுத்தே கெடந்தேன். நாளைக்குக் கெளம்பலாம், நாளைக்குக் கெளம்பலாம்னு ஏழு நாளு. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க."

வாணிக்கு ஒன்று தெரிந்திருந்தது. மூன்று நாளாக அதைச் சொல்வதா வேண்டாமா என்று வைத்திருந்தாள். இப்போது கோப்பைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள்.

"இதைப் பாருங்க. ஜூன் இருபத்திநாலு, ஜூலை ஒண்ணு. அவங்க வரவேண்டிய முதல் ரெண்டு தேதி. ரெண்டும் அந்தக் குழாய் இருந்த நாள். நாங்க சொன்ன தேதிக்கு நீங்க கூட்டிட்டு வந்திருந்தா நான் அந்தக் குழாய்லதான் வெச்சிருப்பேன். பாதி டோஸ்தான் போயிருக்கும், குடலும் கெட்டிருக்கும். நீங்க வராததாலதான் அவங்களுக்குச் சரியா வெச்சோம்."

அவர் தேதிகளை விரல் வைத்துப் படித்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது போலிருந்தது. பிறகு அது இறுகியது. கோப்பை மூடினார்.

"இதைக் கடுதாசில எழுதாதீங்க."

"உண்மைதானுங்க அது."

"உண்மையா இருக்கட்டும். நான் அவளைக் காப்பாத்தறதுக்கா வராம இருந்தேன்? இதைக் கொண்டுபோய்ப் புள்ளைகிட்டக் காட்டினா, இன்னமும் தப்பிக்கத்தான் பாக்கறேன்னு ஆயிரும். அம்மாவுக்குச் சரியாத்தான் வெச்சாங்கன்னு மட்டும் எழுதிக் குடுங்க. மீதியை நான் சொல்லிக்கறேன்." எழுந்தவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "தனியாப் போனா கேட்டுல இருந்தே திரும்பிருவனுங்க. என்னை எனக்குத் தெரியும். நீங்க கூட வர்றீங்களா?"

பெருந்துறையில் புதிய குடியிருப்பு ஒன்றின் கடைசி வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வாணி காரை எதிரே நிறுத்தினாள். சென்னியப்பன் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அவள் இரண்டடி பின்னால் போய்க் கேட்டருகே நின்றுகொண்டாள்.

கதவைத் திறந்தது மகள் தர்ஷினிதான். கையில் சோப்பு நுரை இருந்தது. அப்பாவைப் பார்த்ததும் கதவை அகலத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை.

அவர் கடிதத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நான் சொல்லிட்டுப் போயிடறேன், சாமி," என்றார். "ஆஸ்பத்திரில அளந்து பாத்துட்டாங்க. அம்மாவுக்குச் சரியாத்தான் வெச்சிருக்காங்க. அவுங்க மேல தப்பில்லை. பதினோரு நாள் தள்ளிப்போனது என்னாலதான். வண்டி ரிப்பேர்னு சொன்னது பொய்யி. வண்டிக்கு ஒண்ணும் ஆகலை. நான் பயந்துக்கிட்டு வராம இருந்துட்டேன்."

தர்ஷினியின் கையிலிருந்த நுரை மணிக்கட்டு வழியாக இறங்கிச் சொட்டியது.

"தெரியும்," என்றாள்.

அவர் புரியாமல் பார்த்தார்.

"கிளீனர் மாணிக்கண்ணனுக்கு அம்மா அன்னிக்கே போன் பண்ணிட்டாங்கப்பா. நீங்க நேரத்துக்குச் சாப்பிடறீங்களான்னு கேக்க. அவரு சொல்லிட்டாரு. வண்டி நல்லாத்தான் நிக்குது, அண்ணன்தான் தாபாவுல கட்டில்ல படுத்தே கெடக்கறாரு, சோறு எறங்க மாட்டேங்குதுன்னு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். 'உங்கப்பனுக்குப் பயம். வந்துருவாரு. வந்தா ஒண்ணும் கேட்டுப்புடாதே'ன்னாங்க. நானே கூட்டிட்டுப் போறேன்னு அழுதேன். 'அவரு வரட்டும், அவரில்லாமப் போனா மனசு ஒடிஞ்சு போயிருவாரு'ன்னாங்க." அவள் முன்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "லேட்டானதுக்காக இல்லப்பா. அம்மாவ எடுத்து மூணாம் நாள் சொந்தக்காரங்க அத்தனை பேரு முன்னாடியும் உக்காந்து கியர் பாக்ஸ் கதையைச் சொன்னீங்க பாருங்க. எந்த ஊரு மெக்கானிக், என்ன பார்ட்டு கெடைக்கலைன்னு எல்லாஞ் சொன்னீங்க. அதைக் கேட்டுட்டு உங்க முகத்தைப் பாக்க என்னால முடியலை. என்னைக்காவது ஒரு நாள் வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

சென்னியப்பன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் படியைப் பிடித்துக்கொண்டார். அறுபது வயதுக்கு மேலான ஒரு மனிதர் தோள் குலுங்க அழுவதை வாணி பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து ஒரு குழந்தையின் குரல், "அம்மா, யாரும்மா?" என்றது.

தர்ஷினி கீழே குனிந்து, அவருடைய கால்களிலிருந்து செருப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். முழங்கைக்குக் கீழே கைகொடுத்து அவரைத் தூக்கினாள்.

"தாத்தா," என்றாள் உள்ளே பார்த்து.

வாணி சத்தம் வராமல் கேட்டைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.